நிழலில் விளையும் பச்சைத் தூள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

தேநீர் அருந்தாத வீடு இன்று மிக அரிது. காலையில் கண் விழித்ததும் தேநீர்; விருந்தினர் வந்தால் தேநீர்; தலைவலி என்றாலும் தேநீர்தான். நாம் அருந்தும் தேநீர், கறுத்த தூளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, பாலும் சர்க்கரையும் சேர்த்தது. சாறு நமக்கு, சக்கை குப்பைக்கு. ஆனால் இலையில் ஒரு துளியும் வீணாக்காமல், அதனை மாவாக அரைத்து, வெந்நீரில் கலக்கி, நுரை பொங்க அப்படியே பருகும் தேநீர் ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'மாட்சா'. ஜப்பான் நாட்டின் புகழ்பெற்ற பச்சைத் தேயிலைத் தூள் அது.

சில ஆண்டுகளாக உலகமெங்கும் மாட்சாவுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டுள்ளது. பாலில் கலக்கிறார்கள், ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள், கேக்கிலும் மிட்டாயிலும் இடுகிறார்கள். ஆனால் ஜப்பானிய உழவர்களால் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. 'கேட்பவர் மிகுந்தால் இன்னும் கொஞ்சம் பயிரிட வேண்டியதுதானே!' என்று நமக்குத் தோன்றலாம். அது ஏன் அத்தனை எளிதன்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வந்த வரலாறு

தேயிலையைத் தூளாக்கி அருந்தும் வழக்கம் சீன நாட்டில் சோங் அரசர் காலத்தில் சிறந்து விளங்கியது. அங்குக் கல்வி பயின்ற எய்சாய் என்னும் பௌத்தத் துறவி 1191ஆம் ஆண்டில் ஜப்பான் திரும்பியபோது, இவ்வழக்கத்தையும் தேயிலை விதைகளையும் கொண்டுவந்தார் என்பர். தேநீரால் உடல்நலம் பேணுவது பற்றி அவர் 1211ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். பின்னர்க் கியோத்தோ நகருக்குத் தெற்கேயுள்ள ஊஜி என்னும் ஊர் தேயிலைக்குப் பெயர் பெற்றது. சென் நோ ரிக்யூ (1522-1591) என்னும் பெரியார், தேநீர் வழங்குவதை அமைதியும் பணிவும் நிறைந்த ஒரு கலையாகவே செம்மைப்படுத்தினார்.

தோட்டத்தின்மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பதே மாட்சாப் பயிரின் தனிச்சிறப்பு. இதுபற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்றை நமக்கு அளித்தவர் ஓர் இயேசு சபைக் குரு ஆவார். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த ஜோவாவோ ரொட்ரிகஸ் என்னும் அவர் 1577ஆம் ஆண்டு சிறுவனாக ஜப்பான் சென்று, 1610 வரை அங்கு வாழ்ந்தார். ஜப்பானிய மொழியில் வல்லவரான அவர், ஊஜித் தோட்டங்களில் இளந்துளிர் உறைபனியால் கருகாதபடி நாணலாலும் வைக்கோலாலும் மூடி வைப்பதை எழுதியுள்ளார். பனிக்கு அஞ்சிப் போட்ட பந்தல் சுவைக்கும் துணை செய்தது. எனவே அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

நிழல் செய்யும் வேலை

அறிவியல் வகுப்பில் நாங்கள் செய்யும் ஒரு சோதனை எல்லா மாணவியர்க்கும் தெரிந்ததே. செடியின் ஓர் இலையில் ஒரு பகுதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவிட்டு, பிறகு அயோடின் கரைசலில் இட்டுப் பார்த்தால், மூடிய பகுதியில் மாவுச்சத்து இராது. ஒளி இல்லையேல் ஒளிச்சேர்க்கை இல்லை. ஜப்பானிய உழவர் ஒரு தோட்டம் முழுவதிலும் செய்வது ஏறத்தாழ இதையே எனலாம்.

வசந்த காலத்தில் துளிர் விடத் தொடங்கியதும், பறிப்பதற்குமுன் மூன்று நான்கு வாரங்களுக்குத் தோட்டத்தை மூடிவிடுகிறார்கள். பழைய முறையில் மரச்சட்டங்களின்மேல் நாணல் தட்டிகளை விரித்து, சில நாட்களுக்குப் பின் அவற்றின்மேல் வைக்கோலையும் பரப்புவர். இக்காலத்தில் பெரும்பாலும் கறுப்பு நிறச் செயற்கைத் துணி பயன்படுகிறது. மூடியபின் வெயிலில் மிகச் சிறு பங்கே செடியை எட்டும்.

தேயிலைச் செடியின் வேர்களில் தியானின் என்னும் பொருள் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. இனிமை கலந்த சுவையைத் தருவது இதுவே. வெயில் பட்டால் இப்பொருளிலிருந்து துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் உண்டாகின்றன. நிழலில் அந்த மாற்றம் குறைவதால் தியானின் இலையிலேயே தங்குகிறது. மேலும், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் பிடித்துக்கொள்ளச் செடி பச்சையத்தை மிகுதியாக்குகிறது. அதனால் இலை மெல்லியதாய், அகன்றதாய், ஆழ்ந்த பச்சை நிறமாய் மாறுகிறது. மாட்சாவின் கண்ணைப் பறிக்கும் பச்சைக்குக் காரணம் இதுதான்; அதில் எந்தச் சாயமும் இல்லை.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளியே செடியின் உணவுக்கு ஆதாரம். அதனை மறைப்பது செடியைப் பட்டினி போடுவது போன்றதே. நிழலில் வளர்ந்த செடி இளைத்துவிடும். பறித்தபின் கிளைகளை வெட்டி, உரமிட்டு, வெயிலில் விட்டு, அது மீண்டும் வலுப்பெறக் காத்திருக்க வேண்டும். நம் நீலகிரியிலும் வால்பாறையிலும் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கொழுந்து பறிக்கிறார்கள். ஊஜியின் கைப்பறிப்புத் தோட்டங்களிலோ ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் பறிப்பு. தேவை இரண்டு மடங்கானாலும் அச்செடியிடம் இரண்டாம் முறை கேட்க முடியாது.

அறுவடை

ஜப்பானியப் பழைய நாட்காட்டியின்படி வசந்தம் தொடங்கும் நாளிலிருந்து 88ஆம் நாள் தேயிலைப் பறிப்புக்கு உரிய நாளாகக் கருதப்படுகிறது. அது மே மாதம் 2ஆம் தேதியை ஒட்டி வரும். அதற்குப்பின் கடும்பனி பெய்யாது என்பது முன்னோர் கணக்கு. ஊஜியில் மூடிய தோட்டங்களின் பறிப்பு மே மாதத்தில் மும்முரமாக நடைபெறும்.

உயர்ந்த வகை மாட்சாவுக்கான இலை கையால் பறிக்கப்படுகிறது. பகலிலும் மங்கலாக இருக்கும் பந்தலின்கீழ், கூடையை வைத்துக்கொண்டு மென்துளிரை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். சில நாட்கள் பிந்தினாலும் இலை முற்றிச் சுவை குன்றிவிடும். ஆகவே, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் பலர் ஒன்றாகத் தேவைப்படுகிறார்கள். மற்றத் தோட்டங்களில் இயந்திரம் பயன்படுகிறது. வரிசையின் இருபுறமும் இருவர் நின்று பிடித்துக்கொண்டு நடக்க, அது இலைகளை நறுக்கிப் பையில் சேர்க்கும். தெற்கிலுள்ள ககோஷிமா மாநிலத்தின் சமநிலங்களில் உழவர் ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய இயந்திரங்களே உண்டு.

பறித்த இலையை அன்றைக்கே ஆவியில் காட்டுகிறார்கள். நம் கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப் பட்டு நிறம் மாற விடுவார்கள். இங்கோ, சில விநாடிகள் ஆவியில் வைத்து அந்த மாற்றத்தைத் தடுத்துவிடுவதால் பச்சை நிறம் நிலைக்கிறது. பிறகு காற்றை ஊதி இலைகளைத் தனித்தனியே பறக்க விட்டு, செங்கல்லால் கட்டிய நீண்ட சூளையில் உலர்த்துகிறார்கள். இலையைச் சுருட்டுவதில்லை. இறுதியில் காம்பையும் நரம்பையும் நீக்குவர். எஞ்சி நிற்கும் மெல்லிய இலைத் துணுக்குகளுக்குத் 'தென்ச்சா' என்று பெயர். இதனை அரைத்தால் கிடைப்பதே மாட்சா.

திரிகைக் கணக்கு

நம் பாட்டிமார் வீட்டில் உளுந்து உடைத்த திரிகையை நாம் பார்த்திருப்போம். மாட்சா அரைப்பதும் அதுபோன்ற கருங்கல் திரிகையில்தான். மேற்கல்லும் கீழ்க்கல்லும் மிக மெதுவாக உராய, தூள் ஓரத்தில் வந்து விழும். வேகமாகச் சுழற்றினால் கல் சூடேறி, மணமும் நிறமும் கெட்டுவிடும். அதனால் ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் அரைப்பது சுமார் 40 கிராம் மட்டுமே.

இதனை நாங்கள் வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தோம். ஒரு கிண்ணம் தேநீருக்கு ஏறத்தாழ 2 கிராம் தூள் வேண்டும். ஆகவே ஒரு திரிகை மணிக்கு 20 கிண்ணங்களுக்கான தூளைத் தரும். ஒரு கிலோ அரைக்க 25 மணி நேரம் ஆகும். இரவு பகல் ஓயாமல், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஓர் ஆண்டு முழுவதும் சுழன்றாலும் ஒரு திரிகை தருவது சுமார் 350 கிலோதான். ஜப்பானில் 2023ஆம் ஆண்டில் 4,176 டன் தென்ச்சா உற்பத்தியாயிற்று. அதனை முழுவதும் கல் திரிகையில் அரைப்பதென்றால் ஏறக்குறைய 12 ஆயிரம் திரிகைகள் ஓயாமல் சுழல வேண்டும்! இக்காரணத்தால் இன்று மாட்சாவில் பெரும்பங்கு உலோக ஆலைகளிலும் வேறு விரைவு இயந்திரங்களிலும் அரைக்கப்படுகிறது. கல் திரிகைத் தூள் உயர்ந்த வகைக்கென்று ஒதுங்கி நிற்கிறது.

தேவை பெருகியது

2010ஆம் ஆண்டில் ஜப்பானின் தென்ச்சா உற்பத்தி 1,500 டன்னுக்கும் சற்றுக் குறைவு. அது 13 ஆண்டுகளில் கிட்டத்தட்ட மூன்று மடங்காயிற்று. 2024ஆம் ஆண்டில் அந்நாடு 8,798 டன் பச்சைத் தேயிலையை ஏற்றுமதி செய்து, சுமார் 3,640 கோடி யென் ஈட்டியது. அதில் பாதிக்கு மேல் தூளாகச் சென்றது.

அப்படியிருந்தும் போதவில்லை. 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், 1717ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இப்போதோ, ஊஜியின் மாருக்யூ கொயமாயென் போன்ற புகழ்பெற்ற தேயிலை நிறுவனங்கள் மாட்சா விற்பனைக்கு அளவு விதிக்க நேர்ந்தது. அவ்வாண்டின் கோடை வெப்பம் ஜப்பான் கண்ட மிகக் கடுமையான வெப்பங்களுள் ஒன்று. வெப்பத்தால் வாடிய செடிகள் அடுத்த வசந்தத்தில் குறைவாகவே துளிர்த்தன. 2025ஆம் ஆண்டு மே மாதம் கியோத்தோ ஏலத்தில் தென்ச்சா கிலோவுக்கு 8 ஆயிரம் யென்னுக்கு மேல் விலை போயிற்று. அதுவரை காணாத விலை அது.

கைகள் குறைந்தன

விலை ஏறினால் உழவர் மகிழ்ந்து மேலும் பயிரிடுவார்கள் என்று பொருளியல் பாடம் சொல்கிறது. ஆனால் பயிரிட ஆள் வேண்டுமே! இதுதான் இச்செய்தியில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி.

உலகம் மாட்சாவைத் தேடி வருவதற்குமுன் பல ஆண்டுகள் ஜப்பானியத் தேயிலை உழவர்களுக்குத் துன்பக் காலமாக இருந்தன. வீட்டில் இலையிட்டுத் தேநீர் தயாரிக்கும் பழக்கம் குறைந்து, மக்கள் காப்பிக்கும் புட்டியில் அடைத்த தேநீருக்கும் மாறினர். நல்ல இலைக்கு விலை இறங்கியது. பாடுபட்டும் பலன் இல்லாததைக் கண்ட பிள்ளைகள் நகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். முதிய பெற்றோர் மலைச்சரிவுத் தோட்டங்களைத் தாங்கமுடியாமல் கைவிட்டனர். 2000ஆம் ஆண்டில் 50 ஆயிரத்துக்கு மேல் இருந்த தேயிலை உழவர் குடும்பங்கள், 2020ஆம் ஆண்டில் சுமார் 12 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. நான்கில் மூன்று பங்கினர் விலகிவிட்டார்கள்! அவர்கள் கைவிட்டுச் சென்றபின்தான் உலகம் வந்து கதவைத் தட்டுகிறது.

இன்று ஒருவர் புதிதாகச் செடி நட்டால், நிறைவான அறுவடைக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே சாதாரணப் பச்சைத் தேயிலை பயிரிடுபவர் மாட்சாவுக்கு மாற விரும்பினாலும் பந்தலுக்கும் துணிக்கும் செலவு. அதனை விரிக்கவும் சுருட்டவும் ஆட்கூலி. தனி வகைச் சூளைக்குப் பெரும் முதலீடு. இவ்வளவும் கடன் வாங்கிச் செய்தபின், உலகத்தின் மோகம் வேறொரு பானத்தின் பக்கம் திரும்பிவிட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன? ஒருமுறை ஏமாந்த உழவர் தயங்குவதில் வியப்பில்லை. சோம்பலால் அவர் தயங்கவில்லை. பட்ட அனுபவத்தால் தயங்குகிறார்.

தேடும் வழிகள்

இந்நிலையில் என்ன செய்கிறார்கள்? முதலாவதாக, புதிய பகுதிகள் முன்வந்துள்ளன. ஊஜியோடு ஐச்சி மாநிலத்தின் நிஷியோ, ஃபுகுவோகா மாநிலத்தின் யாமே ஆகியவை பழம்பெருமை உடையவை. ஆனால் இன்று தென்ச்சா உற்பத்தியில் முதலிடம் ககோஷிமாவுக்கே. சமநிலமும் இதமான வெப்பமும் பெரிய இயந்திரங்களும் அதற்குத் துணை. 2024ஆம் ஆண்டில் ககோஷிமா, நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை மொத்தத் தேயிலை உற்பத்தியிலும் முந்திவிட்டது.

இரண்டாவதாக, சாதாரணப் பச்சைத் தேயிலையிலிருந்து தென்ச்சாவுக்கு மாறும்படி அரசு உழவர்களை ஊக்குவிக்கிறது. இது நல்லதே, ஆயினும் எல்லாரும் மாறிவிட்டால், ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் அருந்தும் தேயிலைக்குத் தட்டுப்பாடு வரும். ஒரு குடத்தை நிரப்ப மற்றொரு குடத்தைக் கவிழ்ப்பது போலாகிவிடக் கூடாது.

மூன்றாவதாக, தரத்துக்கு ஏற்பப் பிரித்து வழங்குகிறார்கள். முதற்பறிப்புத் துளிரின் தூள் வெந்நீரில் மட்டும் கலந்து அருந்துவதற்கு. இரண்டாம் பறிப்பிலும் இலையுதிர் காலப் பறிப்பிலும் கிடைக்கும் இயந்திர அறுவடை இலையின் தூள், பாலுக்கும் இனிப்புப் பண்டங்களுக்கும். பாலும் சர்க்கரையும் சேர்க்கும் பண்டத்தில் மிக உயர்ந்த தூளின் நுண்சுவை தெரியாது. எனவே எதற்கு எது போதும் என்று அறிந்து வாங்குவதே தட்டுப்பாட்டைக் குறைக்கும் ஒரு வழி.

நான்காவதாக, பிற நாடுகளும் முன்வருகின்றன. தூள் தேநீரின் பிறப்பிடமான சீனாவில் குய்சோ மாநிலத்தின் தோங்ரென் பகுதியில் இப்போது பெருமளவில் மாட்சா தயாராகிறது.

தவிர்க்க வேண்டிய ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. பந்தல் போடாமல் வெயிலில் வளர்ந்த இலையைச் சாதாரணமாக அரைத்து, மாட்சா என்று பெயரிட்டு விற்பது அது. அத்தூளை உண்பதால் கேடு இல்லை. அதன் உண்மைப் பெயரில் விற்றால் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு மாதம் பந்தல் கட்டிக் காத்தவரின் பெயரைக் காக்காதவர் எடுத்துக்கொள்வது நேர்மை ஆகாது. வாங்குபவர் ஏமாறுவது மட்டுமன்று, உழைத்தவரும் ஏமாற்றப்படுகிறார். பழுப்பு கலந்த மங்கல் நிறமும் மிகுந்த கசப்பும் தரக்குறைவுக்கு அடையாளங்கள் என்பர்.

முடிவுரை

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் வாக்கு. மாட்சாவின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. விருப்பம் ஒரே நாளில் உலகம் முழுதும் பரவிவிடலாம். செடிக்கு ஐந்து ஆண்டு, பந்தலுக்கு ஒரு மாதம், திரிகைக்கு ஒரு கிலோவுக்கு 25 மணி என்பவை நம் அவசரத்துக்காகக் குறைவதில்லை. இயந்திரங்களால் சிலவற்றை விரைவாக்கலாம், அதுவும் நல்லதே. ஆனால் இயந்திரத்தை ஓட்டவும் பந்தலை விரிக்கவும் ஒரு குடும்பம் அந்த மண்ணிலேயே தங்கியிருக்க வேண்டும். அவர்கள் தங்க வேண்டுமானால், கிராக்கி உள்ள ஆண்டில் மட்டுமன்று, கிராக்கி இல்லாத ஆண்டிலும் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்க வேண்டும். விலை விழுந்த நாளில் உழவரைக் கைவிட்டுவிட்டு, தேவை வந்த நாளில் 'எங்கே பண்டம்?' என்று கேட்பதில் நியாயம் இல்லை.

தோழியரே! இது தேயிலைக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் தட்டில் விழும் சோற்றுக்கும், நாம் உடுக்கும் துணிக்கும் பின்னால் ஒரு காலக்கணக்கும், சிலருடைய கைகளும் இருக்கின்றன. ஒரு பொருளை வாங்குமுன் அது எப்படி விளைந்தது, யார் விளைவித்தார் என்று கேட்டறிவோம். உண்மையான பண்டத்துக்கு உண்மையான விலை கொடுப்போம். தேவைக்கு மேல் வாங்கி வீணாக்காதிருப்போம். உழைப்பவரை மதிக்கும் உலகமே நிறைவாக விளையும் உலகம் என்பதை மறவாதிருப்போமாக.